டீ (நாடகம்): ஒரு மதிப்பீடு

'டீ' வெலினா ஹசு ஹூஸ்டன் ஆங்கிலத்தில் எழுதிய நாடகம். 1987-ல் நியூயார்க்கில் மேடையேறியது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் அமெரிக்கப் படைவீரர்களை மணந்து, கான்சஸ் மாநிலத்தின் ஜங்ஷன் சிட்டி என்னும் சிற்றூரில் குடியேறிய ஜப்பானியப் பெண்களைப் பற்றியது. ஆசிரியரின் தாயும் அவ்வாறு வந்தவர். ஆசிரியர் வளர்ந்ததும் அவ்வூரில்தான்.

கதை நிகழும் ஆண்டு 1968. ஹிமிகோ தற்கொலை செய்துகொள்கிறாள். அவள் வீட்டைத் துப்புரவு செய்ய நான்கு பெண்கள் கூடித் தேநீர் அருந்துகிறார்கள். ஹிமிகோவின் ஆவியும் அங்கே உலவுகிறது. நால்வரின் கணவர்களில் ஒருவர் வெள்ளையர், ஒருவர் கறுப்பினத்தவர், ஒருவர் மெக்சிக வம்சாவளியினர், ஒருவர் ஜப்பானிய அமெரிக்கர். ஒரே மொழி பேசும் பெண்களைக் கணவரின் இனம் பிரித்து வைக்கிறது. ஊராரின் வெறுப்பை மட்டும் காட்டி நிறுத்தாமல், அந்த வெறுப்பு இப்பெண்களுக்குள்ளும் புகுந்துவிட்டதைச் சொல்வதே நாடகத்தின் முதன்மையான சாதனை.

கணவர்களாகவும் மகள்களாகவும் அதே நடிகைகளே நடிக்கிறார்கள். தாய் கேட்ட சொற்களைத் தாயின் உடலே திருப்பிச் சொல்கிறது. இது மேடையில் மட்டுமே இயலும் உத்தி.

குறையும் உண்டு. கணவனின் வன்முறை, அவனைக் கொன்ற பழி, மகளின் கொலை என எல்லாத் துயரையும் ஹிமிகோ ஒருத்தியே சுமக்கிறாள். அதனால் சில இடங்களில் அவள் மனுஷியாக அன்றி, துயரத்தின் குறியீடாகவே நிற்கிறாள். ஆயினும், உயிரோடு இருந்தபோது அவள் வீட்டுக்கதவை ஏன் ஒருவரும் தட்டவில்லை என்ற கேள்வியிலிருந்து அந்நால்வரும் தப்பமுடிவதில்லை.