மடித்து வைத்த தலைப்புகள்

திருத்தணியின் வரலாற்றை எண்பது பக்கங்களில் எழுதிய ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், அதைப் பிழை பார்த்துத் தரும்படி சென்ற ஆண்டு எனக்கு அனுப்பியிருந்தார். தணிகை மலையின் 365 படிகளில் தொடங்கி, நகரின் கல்விக்கூடங்கள் வரை நீளும் கட்டுரை அது. உள்ளூர் டி.டி.பி. கடை ஒன்றில் அழகாகத் தட்டச்சு செய்திருந்தார்கள். தலைப்புகள் எல்லாம் பெரிய எழுத்தில், தடித்து, நடுவில் நின்றன. கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை.

கணிப்பொறியில் திறந்து, ‘வேர்டு’ சொற்செயலியின் அவுட்லைன் தோற்றத்துக்கு மாற்றினேன். ஒரு தலைப்புகூடத் தலைப்பாக வரவில்லை! எண்பது பக்கமும் ஒரே தட்டில் பரப்பிய சோறுபோலக் கிடந்தது.

காரணம் எளிது. பெரிய எழுத்து என்பது நம் கண்ணுக்குச் சொல்லும் செய்தி. கணிப்பொறிக்கு அது வெறும் எழுத்தளவு. இந்த வரி தலைப்பு, அதுவும் முதல் நிலைத் தலைப்பு, இதற்கு அடுத்தது அதன்கீழ் வரும் இரண்டாம் நிலை என்று தனியே குறித்தால்தான் அதற்குத் தெரியும். வேர்டில் இத்தகைய தலைப்பு நிலைகள் ஒன்பது. லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் பத்து. நிலைகளைக் குறித்துவிட்டால் பிறகு வேடிக்கையைப் பாருங்கள். ‘முதல் நிலை மட்டும் காட்டு’ என்றால் நூல் முழுவதும் ஏழெட்டு வரிகளாக மடிந்துவிடும். வேண்டிய தலைப்பை மட்டும் விரித்துப் படிக்கலாம். ஒரு தலைப்பைப் பிடித்து மேலே நகர்த்தினால், அதன் கீழுள்ள உட்தலைப்புகளும் பத்திகளும் கூடவே போகும்.

இந்த எண்ணம் புதியதன்று. 1968 டிசம்பர் 9 அன்று சான்பிரான்சிஸ்கோவில் டக்ளஸ் எங்கெல்பார்ட் தம் கணிப்பொறி அமைப்பை மேடையில் இயக்கிக் காட்டியபோது, கடையில் வாங்கவேண்டிய சாமான்களின் பட்டியலை வகைவகையாகப் பிரித்து, மடித்து விரித்துக் காட்டினார். அவர் எழுத்தை வெறும் தாளாகப் பார்க்கவில்லை, நிலைகளாகப் பார்த்தார். பின்னால் வந்த சொற்செயலிகளோ, தாளைத் திரையில் அச்சாகக் காட்டுவதையே பெருமையாகக் கொண்டன. நிலைகளைப் பற்றிய சிந்தனை ஓர் ஓரத்துக்குப் போயிற்று. இதுதான் என் முதல் குறை. எழுத்தைத் தடிப்பாக்கும் பொத்தான் ஒரே தட்டில் கிடைக்கிறது. எது தலைப்பு என்று சொல்வதற்கு ஒருவர் தனியே கற்கவேண்டியிருக்கிறது. டி.டி.பி. கடைக்காரரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

திருத்தணிக் கட்டுரைக்கு வருவோம். ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்து தலைப்புகளுக்கு நிலை குறித்தேன். பிறகு இரண்டாம் நிலைவரை மட்டும் வைத்து மடித்தேன். ‘எல்லைப் போராட்டம்’ என்ற தலைப்பு இரண்டு இடங்களில் தலைநீட்டியது! ‘நிர்வாகம்’ என்ற பகுதியில் ஒன்று. ‘தலைவர்கள்’ என்ற பகுதியில், ம.பொ.சி., மங்கலங்கிழார் ஆகியோரை ஒட்டி இன்னொன்று. இடையே நாற்பது பக்கம். இரண்டையும் விரித்துப் பார்த்தால், ஒன்றில் திருத்தணி தமிழ்நாட்டுடன் (அன்றைய சென்னை மாநிலத்துடன்) சேர்ந்தது 1956 என்றும், மற்றொன்றில் 1960 என்றும் இருந்தது. 1960 ஏப்ரல் 1 என்பதே சரி. 1956 மாநிலச் சீரமைப்பு நடந்த ஆண்டு. அதனால் வந்த குழப்பமாக இருக்கலாம். தாளைப் புரட்டிப் படித்தபோது இரண்டு தடவையும் இந்த முரண்பாடு என் கண்ணில் படவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் மடிப்பு காட்டாத பிழையும் அதே கட்டுரையில் இருந்தது. டாக்டர் ராதாகிருஷ்ணன் 1888இல் ‘சித்தூர் மாவட்டத்துத் திருத்தணியில்’ பிறந்தார் என்று ஒரு வாக்கியம். சித்தூர் மாவட்டம் உருவானதே 1911இல்தான். 1888இல் இவ்வூர் வட ஆர்க்காட்டைச் சேர்ந்தது. வாக்கியம் சரியான தலைப்பின்கீழ்தான் இருந்தது. ஆகவே மடித்த தோற்றம் ஒழுங்காகவே தெரிந்தது. எழுத்தெண்ணிப் படித்தபோதுதான் அகப்பட்டது.

தொல்காப்பியம் மூன்று அதிகாரம், அதிகாரத்துக்கு ஒன்பது இயல் என்று நிலைநிலையாக அமைந்த நூல். வழிநூல் செய்யும் முறைகளுள் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி என்பவற்றையும் அது சொல்கிறது. சொற்செயலியின் மடித்தலையும் விரித்தலையும் இவற்றோடு ஒப்பிட ஆசை வருகிறது. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. தொகுக்கும் ஆசிரியன் எது முக்கியம் என்று எடைபோட்டு எடுக்கிறான். கணிப்பொறியோ நிலை எண்ணை மட்டும் பார்த்து மறைக்கிறது. மூன்றாம் நிலையில் கிடக்கும் ஒரு பத்தி நூலின் உயிர்நாடியாக இருந்தாலும் அதற்குக் கவலை இல்லை. வேர்டின் அவுட்லைன் தோற்றத்தில் ஒவ்வொரு பத்தியின் முதல் வரியை மட்டும் காட்டும் வசதி உண்டு. மறைப்பதைவிட இது எவ்வளவோ மேல் என்பது என் கருத்து.

மாணவர்கள் ஓர் ஆபத்தையும் அறிந்திருக்க வேண்டும். மடித்த தலைப்பை அழித்தால், அதன்கீழ் மறைந்திருக்கும் பத்திகளும் சேர்ந்து அழிந்துவிடும். மறைந்த பகுதி உண்டு என்பதற்கு அவுட்லைன் தோற்றத்தில் கூட்டல் குறியும் மங்கிய அடிக்கோடும்தான் அடையாளம். எத்தனை பக்கம் மறைந்திருக்கிறது என்று அவை சொல்வதில்லை. ‘37 பத்திகள்’ என்று ஓர் எண் போட்டால் என்ன குறைந்துவிடும்?

2013ஆம் ஆண்டுப் பதிப்பு முதல் வேர்டில் வழக்கமான பக்கத் தோற்றத்திலேயே தலைப்பின் ஓரத்து முக்கோணத்தைச் சொடுக்கி மடிக்கலாம். நல்ல முன்னேற்றம். ரைட்டரில் இதே வசதியை விருப்பத்தேர்வுகளில் தேடிப்பிடித்து இயக்கவேண்டியிருக்கிறது. ஆனால் அதன் நேவிகேட்டர் பலகை (எஃப்5 விசை) தலைப்புகளை வரிசையாகக் காட்டி, உள்ளடக்கத்தோடு இடம் மாற்றவும் விடுகிறது. இலவசமாகக் கிடைக்கும் மென்பொருளில் இது போதும்.

இப்படித் தலைப்பை நகர்த்தும்போதெல்லாம் 1960தான் நினைவுக்கு வருகிறது. அங்கே தாலுகாவை ஒரே இழுப்பில் இழுத்துவிடவில்லை. படாஸ்கரின் முறை கிராமத்தையே அலகாகக் கொண்டு பார்த்தது. தமிழாசிரியருக்கும் அதையே சொன்னேன்: ‘எல்லைப் போராட்டம்’ இரண்டையும் ஒன்றாக்குங்கள், ஆனால் விரித்து வைத்துக்கொண்டு, பத்தி பத்தியாக. அந்த வேலைக்கு அவருக்கு மூன்று நாள் ஆயிற்று.