தாஸ்தான்கோ மீர் பாகர் அலி: கதையை நிறுத்திவைக்கும் கலை

உருது உரைநடையின் வரலாற்றை எழுதிய பலர் தாஸ்தானை நாவலுக்கு முற்பட்ட பக்குவமற்ற வடிவமெனக் கருதிக் கடந்து சென்றுள்ளனர். இக்கணிப்பு எத்துணைப் பொருத்தமானது என்பதை, தில்லியின் இறுதித் தாஸ்தான்கோ எனப் போற்றப்பெறும் மீர் பாகர் அலியை முன்னிறுத்தி ஆராய்வது பயனுடைத்து. 1928 இல் அவர் மறைந்தபோது அம்மரபு அறுந்தது என்பர்.

தாஸ்தான் சொல்பவனே தாஸ்தான்கோ. பாரசீகத்திலிருந்து வந்து உருதுவில் பல்கிப் பெருகிய அமீர் ஹம்ஸாவின் கதையே அவனது தலையாய முதல். போர், விருந்துக் களியாட்டம், மாயவுலகு, அய்யார்கள் எனப்படும் வேடதாரிகளின் தந்திரம் ஆகிய நான்கும் அக்கதையின் கூறுகளாம்.

இதனை நிலப்பிரபுத்துவச் சமுதாயத்தின் பொழுதுபோக்கு என ஒதுக்குதல் எளிது. அரசவையிலும் செல்வர் மனைகளிலும் இக்கலை பேணப்பட்டமை உண்மையே. ஆயின் 1847 இல் வெளிவந்த தமது தில்லி பற்றிய நூலிலே சையத் அகமத் கான், ஜும்ஆப் பள்ளிவாசலின் வடபுறப் படிகளில் மாலைவேளைகளில் தாஸ்தான்கோ அமர்ந்து கதை சொல்வதைக் குறிப்பிடுகின்றார். படிகளிலே கூடி நின்றோர் பிரபுக்களல்லர். மேலும், கதையின் உயிர்நாடி ஹம்ஸாவன்று. ஒட்டகமோட்டியின் மகனாகிய அமர் என்னும் அய்யாரே. எதையும் விழுங்கவல்ல பையொன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு மன்னரையும் மந்திரவாதியரையும் ஏமாற்றித் திரியும் பேராசைக்காரன் அவன். அவனைக் கேட்டுச் சிரித்தவர் யார், எதற்காகச் சிரித்தனர் என்ற வினாவை எழுப்பாது வர்க்கச் சார்பு பற்றிப் பேசுவது அரைகுறை ஆய்வாகவே முடியும்.

பாகர் அலியைக் கேட்டோர் அவர்பற்றி எழுதியவற்றிலே இரு செய்திகள் மனங்கொள்ளத்தக்கன. ஒன்று, மெலிந்த உடலினரான அம்முதியவர் போர்க்களத்தை வருணிக்கும்போது வேறொருவராக மாறிவிடுவார் என்பது. மேடையலங்காரம் எதுவுமின்றி, அமர்ந்த இடத்திலிருந்தே குரலாலும் கையசைவாலும் அவர் இதனைச் சாதித்தார். மற்றையது அவரது பட்டியல்கள். படைக்கலம் என்றால் படைக்கல வகைகள் அனைத்தும், உணவு என்றால் உணவு வகைகள் அனைத்தும் தடையின்றி வரும். அச்சிற் படிக்கும் நமக்கு இவை சலிப்பூட்டலாம். (நேர்மையாகக் கூறின், சலிப்பூட்டவே செய்கின்றன.) ஆனால், பேராசிரியர் கைலாசபதி தமது 1968 ஆம் ஆண்டு ஆங்கில நூலில் சங்கச் செய்யுளை வாய்மொழிப் பாடல் மரபில் வைத்து ஆராய்ந்ததை அறிந்தோர்க்கு இதன் காரணம் விளங்கும். திரும்பத் திரும்ப வரும் வாய்பாடு செவிக்குரியது. சொல்பவனுக்கு அடுத்ததைச் சிந்திக்க அவகாசம் தருவது.

இங்குதான் தாஸ்தானின் மிகப்பெரும் நுட்பம் புலனாகின்றது. கதையை நகர்த்துவதன்று, நிறுத்திவைப்பதே தேர்ந்த தாஸ்தான்கோவின் ஆற்றல் எனப்பட்டது. காதலன் திரையை விலக்கக் கையுயர்த்துகின்றான். அத்திரை விலகப் பல நாள்கள் சென்றனவாம். அதுவரை கேட்போர் எழாது கட்டுண்டிருக்க வருணனையை வளர்த்தவண்ணம் இருந்தானாம் அக்கதைஞன். இச்செய்தி மிகையாயிருக்கலாம். எனினும், எதனை அச்சமூகம் திறமையாக மதித்தது என்பதை இது காட்டுகின்றது. நிகழ்ச்சிகளின் காரணகாரியத் தொடர்ச்சியை வேண்டும் நாவலின் அளவுகோல் இதற்குச் சற்றும் பொருந்தாது.

1857 இன் பின் தில்லியின் பழைய புரவலர் குடிகள் சிதைந்தன. கற்றோரிடையே சீர்திருத்த நோக்கும் இயற்பண்பு நாட்டமும் வளர, தாஸ்தான் பொய்ம்மூட்டையாயிற்று. பின்னர் சினிமாவும் வந்தது. பாகர் அலி தம் வீட்டிலே சிறு கட்டணம் பெற்றுக் கதை சொன்னார். இறுதிக் காலத்தில் பாக்கு விற்றுப் பிழைத்தார். கிரியர்சனின் இந்திய மொழியாய்வின்போது அவர் குரல் கிராமபோன் தட்டிலே பதிவாயிற்று. சில நிமிடங்களே ஓடும் பதிவு அது. கதையை நாள்கணக்கில் நிறுத்திவைக்கும் மரபின் இறுதி வாரிசுக்கு இயந்திரம் ஒதுக்கிய காலம் அவ்வளவுதான்.

இதற்கு மாறாக, இலக்னோவின் நவல் கிஷோர் அச்சகம் 1883 முதல் ஹம்ஸா கதையை நாற்பத்தாறு பெருந்தொகுதிகளாக வெளியிட்டது. அச்சு வாய்மொழியைக் கொன்றது என்பது வழக்கமான வாதம். இங்கு நிகழ்ந்தது அத்துணை எளிதன்று. அத்தொகுதிகளைத் தேடிச் சேர்த்து, அவை வாய்மொழி இலக்கணத்தின்படியே மதிப்பிடப்பட வேண்டியவை என நிறுவியவர் சம்சுர் ரஹ்மான் பாரூக்கி. அவர் தூண்டுதலால் 2005 இல் மஹ்மூத் பாரூக்கி தில்லியில் தாஸ்தானை மீண்டும் மேடையேற்றினார். வெண்ணிற உடையில் இருவர் அமர்ந்து சொல்லும் புதிய அமைப்பு அது. தேசப் பிரிவினை போன்ற அண்மைக்காலப் பொருள்களும் பின்னர் தாஸ்தான்களாயின.

இம்முயற்சி வரவேற்கத்தக்கதே. ஆயினும் ஒரு வேறுபாட்டை மறைத்தல் தகாது. இன்றைய கலைஞர் அச்சிட்ட ஏட்டிலிருந்து மனனஞ்செய்து, ஓரிரு மணி நேரத்தில் முடித்தாக வேண்டும். அரங்கத்தை விட்டுக் கடைசிப் பேருந்தைப் பிடிக்கவேண்டிய கேட்போனிடம், திரையை நாளைக்கு விலக்குவோம் என்று கூற இயலாது. பாகர் அலியின் கதை மீண்டுள்ளது. குரலும் ஓரளவு மீண்டுள்ளது. கதையை நாளைக்கென நிறுத்திவைக்கும் அவ்வாற்றல் மீளவேண்டுமாயின், மறுநாளும் வந்து அமரக்கூடிய கேட்போர் வேண்டும்.