மனோரமாவின் குரல்: நகையும் அழுகையும்

நடிப்புக் கலையை ஆராயப் புகுவோர் பெரும்பாலும் நடிப்போரின் முகக் குறிப்பையும் உடலசைவையும் விரித்துரைப்பர். குரலைப் பற்றி ஓரிரு வரிகளில் கூறி அமைவர். ஆயினும், கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் இன்ன பாத்திரம் என்று உணரச் செய்வது குரலே. நாடகத்தை வாழ்வின் ஒரு கூறாகப் போற்றிய மக்கள் அனைவரும் இதனை நன்கறிவர்.

சிங்கப்பூரின் சைனாடவுன் வட்டாரம் இதற்குச் சான்று பகரும். அங்குள்ள ஸ்மித் தெருவில் 1887ஆம் ஆண்டில் லாய் சுன் யூன் என்னும் கான்டனிய இசைநாடக அரங்கு எழுந்தது. அவ்வரங்கின் சிறப்பால் அத்தெருவையே நாடகக் கொட்டகைத் தெரு என்று கான்டனியர் வழங்கினர். அவர்தம் இசைநாடகத்தில் இளம்பெண் வேடத்திற்கு உச்சத்தில் நிற்கும் பொய்க்குரல், ஆடவர் வேடத்திற்கு இயல்பான குரல், போர்வீரர் வேடத்திற்கு உரத்த குரல் என மூவகைக் குரல்கள் வரையறுக்கப்பட்டிருந்தன. அத்தெருவிற்கு அண்மையிலேயே, சவுத் பிரிட்ஜ் சாலையில், 1827இல் தோன்றிய மாரியம்மன் கோயில் தமிழர் வாழ்வின் நடுவிடமாய் விளங்கி வருகின்றது. அக்கோயிலின் கோபுரமே பகோடா தெருவிற்குப் பெயர் தந்தது. அயல்வீட்டாராய் வாழ்ந்த இவ்விரு மக்களின் நாடக மரபுகளும் ஒரு வகையில் ஒத்தனவே. தமிழ் நாடக மேடையிலும் ராஜபார்ட், ஸ்திரீபார்ட், கள்ளபார்ட், பபூன் என வேடங்கள் வகுக்கப்பட்டு, ஒவ்வொன்றிற்கும் உரிய பேச்சும் குரலும் பெரிதும் வழக்கால் உறுதிப்பட்டிருந்தன.

இந்த வரையறையைத் தம் ஒரே தொண்டையால் கடந்து சென்றவர் நடிகை மனோரமா. 1958 முதல் அரை நூற்றாண்டிற்கு மேலாகத் தமிழ்த் திரையில் ஒலித்த அவர் குரல் எவ்வாறு மாறியது, அம்மாற்றம் தமிழ் கற்பிப்போர்க்கும் கற்போர்க்கும் உணர்த்துவது யாது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாடக மேடை தந்த குரல்

மனோரமா 1937இல் மன்னார்குடியில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் கோபிசாந்தா. இளமையிலேயே தாயுடன் செட்டிநாட்டைச் சேர்ந்த பள்ளத்தூரில் குடியேறி வளர்ந்தமையின், அப்பகுதியில் பெண்டிரை மதிப்புடன் விளிக்கும் 'ஆச்சி' என்னும் சொல் பின்னாளில் அவருக்கே உரிய பெயராயிற்று. பன்னிரண்டு வயதளவில் மேடையேறிய அவருக்கு மனோரமா என்னும் பெயரைத் தந்ததும் நாடக மேடையே.

அவர் வளர்ந்த மேடை இருவகைத் தமிழைக் கற்பித்தது. ஒருபுறம், எஸ். எஸ். இராசேந்திரனின் நாடகக் குழு வழியாகவும், அறிஞர் அண்ணா, கலைஞர் கருணாநிதி ஆகியோரின் நாடகங்கள் வழியாகவும் எதுகை மோனை செறிந்த அடுக்குமொழித் தமிழ் அவர் நாவில் பழகியது. மற்றொருபுறம், தஞ்சைப் பகுதியிலும் செட்டிநாட்டிலும் மக்கள் பேசிய வாழ்க்கைத் தமிழ் அவர் செவியில் நிறைந்தது. கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவர்க்கும் எட்டுமாறு குரலை எறிந்து பேசவும், பேச்சினிடையே பாடவும், பாட்டினிடையே பேசவும் அந்நாளைய மேடை பயிற்றியது. சொல்லின் இறுதி ஒலி தேயாமல் உச்சரிக்கும் பழக்கம் இப்பயிற்சியால் வந்ததாகும். எத்தனை விரைந்து பேசினும் அவர் சொற்கள் ஒன்றோடொன்று மயங்காமைக்கு இதுவே காரணம் எனலாம்.

முதல் நிலை: பேதைமையின் குரல்

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகை என்னும் சுவை எள்ளல், இளமை, பேதைமை, மடமை ஆகிய நான்கினைப் பொருளாகக் கொண்டு தோன்றும் என வகுத்துரைத்தார். மனோரமாவின் குரல் வளர்ச்சியை அளந்தறிய இதனினும் பொருத்தமான அளவுகோல் வேறில்லை.

கவிஞர் கண்ணதாசன் தயாரித்த 'மாலையிட்ட மங்கை' (1958) அவரைத் தமிழ்த் திரைக்கு அறிமுகப்படுத்திற்று. 'கொஞ்சும் குமரி' (1963) படத்தில் கதைத்தலைவியாகவே நடித்தார். ஆயினும் அவருக்கு நிலைத்த இடம் தந்தது நகைச்சுவையே. நாகேசுடன் இணைந்து நடித்த அறுபதுகளின் படங்களில் அவர் குரல் மெல்லியதாய், உயர்ந்ததாய், கூர்மையுடையதாய் ஒலிக்கின்றது. நாகேசின் விரைவுப் பேச்சிற்கு ஈடுகொடுக்க வேண்டியிருந்தமையால் அது துள்ளி ஓடும் குரலாகவும் அமைந்தது. இங்கு நகைக்குப் பொருள் பெரும்பாலும் இளமையும் பேதைமையுமே.

இந்நிலையின் கொடுமுடி, 'தில்லானா மோகனாம்பாள்' (1968) படத்தின் ஜில் ஜில் ரமாமணி. நாதசுரக் கலைஞர் சிக்கல் சண்முகசுந்தரத்தின் வாசிப்பைக் கேட்டு மயங்கிய அந்த நாடகக்காரி, இவ்வோசை அவருடைய நாதசுரத்தில் மட்டும் வருமா, எல்லா நாதசுரங்களிலும் வருமா என்று வினவும் இடம் தமிழர் மறவாதது. எழுத்தில் வைத்துப் பார்த்தால் அஃது அறியாமை நிறைந்த வினா. எள்ளி நகைப்பதற்கே உரியது. ஆனால் மனோரமா அதனை இழுத்து, குழைத்து, இறுதியில் குரலைத் தாழ்த்தி வியப்புடன் முடிக்கின்றார். கேட்போர் நகைக்கின்றனர், எனினும் ரமாமணியை இகழ்வதில்லை. இசையின் இலக்கணம் அறியாதவளும் இசையின் முன் கைகூப்பி நிற்கலாம் என்பதை அந்தத் தாழ்ந்த குரல் உணர்த்திவிடுகின்றது. பின்னாளில் அவர் எய்திய உயரத்திற்கு விதை இவ்விடத்திலேயே விழுந்தது.

இரண்டாம் நிலை: வட்டார வழக்கின் குரல்

அதே 1968இல் வெளிவந்த 'பொம்மலாட்டம்' படத்தில், சோவுடன் தோன்றும் காட்சிக்காகச் சென்னைப் பேச்சுத் தமிழில் அமைந்த காதற்பாட்டை மனோரமாவே பாடினார். வி. குமார் இசையமைத்த அப்பாடல் பெரும்புகழ் பெற்றது. அங்கு நகைக்குப் பொருளாவது மொழியே. உயர்ந்தோர் காதலுக்கென்று வைத்திருந்த இசை வடிவத்தில் குடிசைப் பகுதிப் பேச்சு புகுந்தமையால் எழும் முரணே கேட்போரைச் சிரிக்கச் செய்கின்றது. பாடுபவரின் குரல் அப்பேச்சைத் திறம்பட அணிந்துகொள்கின்றது. ஆயினும், அணிந்துகொண்டது என்பது புலப்படவே செய்கின்றது.

இதிலிருந்து 'சம்சாரம் அது மின்சாரம்' (1986) வரையுள்ள தொலைவே மனோரமாவின் வளர்ச்சியாகும். விசு இயக்கிய அப்படத்தில் வேலைக்காரி கண்ணம்மாவும் சென்னைத் தமிழே பேசுகின்றாள். எதிரே நிற்பவரை நோக்கி, பேசாமல் இரு என்னும் பொருள்பட அவள் திரும்பத் திரும்பக் கூறும் இரண்டு சொற்களுக்குத் திரையரங்குகள் அதிர்ந்தன. ஆனால் மக்கள் நகைத்தது அவள் மொழியைக் கண்டன்று. படித்த குடும்பத்தார் தீர்க்க அறியாத சிக்கலை, அவர்தம் வீட்டில் பாத்திரம் துலக்குபவள் தன் சொல்வன்மையால் அவிழ்க்கின்றாள் என்பதைக் கண்டு மகிழ்ந்தே நகைத்தனர். 1968இல் எள்ளப்பட்ட வழக்கு, 1986இல் எள்ளும் வழக்காயிற்று. எவ்வாறு சொல்கிறாள் என்பதில் இருந்த நகை, என்ன சொல்கிறாள் என்பதற்கு இடம் பெயர்ந்தது. இதுவே இக்கட்டுரை நிறுவ விழையும் கருத்தாகும்.

குரலின் இயல்பும் இதற்கேற்ப மாறியிருந்தது. அகவை ஏறுந்தோறும் பெண்டிரின் குரல் தாழ்வதும் தடிப்பதும் இயற்கை. பல்லாண்டு மேடைப் பேச்சும் அதற்குத் துணை செய்யும். மேலும், தொடக்க காலத்தில் படப்பிடிப்புத் தளத்திலேயே பேச்சும் பதிவாயிற்று. பின்னர், ஒலிப்பதிவுக் கூடத்தில் படத்தைப் பார்த்துத் தனியே பேசும் முறை பரவியது. ஒலிவாங்கிக்கு அணித்தாக நின்று பேசும்போது பெருமூச்சும் கரகரப்பும்கூடப் பதிவாகும். பிறர் குறையென்று மறைக்க முயலும் கரகரப்பை மனோரமா கருவியாக்கிக்கொண்டார். கண்ணம்மாவின் அதட்டலுக்கு வலுவூட்டுவது அக்கரகரப்பே.

மூன்றாம் நிலை: அழுகையோடு கலந்த நகை

நகைக்கு அடுத்ததாகத் தொல்காப்பியர் வைத்தது அழுகை. இளிவு, இழவு, அசைவு, வறுமை என்பன அதன் நிலைக்களன்கள். தொண்ணூறுகளில் தாய் வேடங்களை மிகுதியும் ஏற்ற மனோரமா, அடுத்தடுத்து நிற்கும் இவ்விரு மெய்ப்பாடுகளையும் ஒரே தொடரில் இணைத்துப் பேசும் திறம் பெற்றார். 'புதிய பாதை' (1989) படத்திற்காகச் சிறந்த துணை நடிகைக்கான தேசிய விருது அவரை வந்தடைந்தது. 'சின்னத் தம்பி' (1991) படத்தில் உலகறியாத மகனைப் பெற்ற கைம்பெண் தாயாகவும், கொங்கு நாட்டுக் கதையான 'சின்னக் கவுண்டர்' (1992) படத்தில் முன்பல் துருத்திய ஒப்பனையுடன் ஊர்த்தலைவனின் தாயாகவும் நடித்தார். பின்னதில் அவ்வொப்பனையைக் கண்ட அளவில் சிரிப்பு வருகின்றது. தாயின் துயரைக் கேட்கும்போது ஒப்பனை மறந்துபோகின்றது. கண் நகைக்கச் செவி கலங்குகின்றது.

குரல் முதிர்ந்துவிட்டது என்பதால் இளமைக் குரல் அழிந்துவிடவில்லை என்பதும் கருதத் தக்கது. 'நடிகன்' (1990) படத்தில் முதுமை வேடம் பூண்ட நாயகனிடம் மனம் பறிகொடுக்கும் முதிர்கன்னியாக வரும்போது, ஐம்பது கடந்த அவர் தம் பழைய குழைவையும் நாணத்தையும் மீட்டுக் கொணர்கின்றார். தடித்த குரலின் மேல் மெல்லிய குரலைப் போர்த்தி, இரண்டும் தெரியுமாறு பேசுவதே அங்கு நகையை விளைக்கின்றது. 'மே மாதம்' (1994) படத்தில், ஏ. ஆர். ரகுமான் இசையில், சென்னையைச் சுற்றிக் காட்டும் பாடலில் அவர் குரல் மீண்டும் சென்னைத் தமிழில் ஒலித்தது. 1968ஆம் ஆண்டுப் பாடலையும் இதனையும் அடுத்தடுத்துக் கேட்டால் வேறுபாடு விளங்கும். முன்னதில் அம்மொழியை அணிந்த குரல், பின்னதில் அதற்கு உரிமை பூண்டு, நகரைத் தன் வீடெனக் காட்டுகின்றது. 'இம்சை அரசன் 23ஆம் புலிகேசி' (2006) படத்தில் அரசனின் தாயாக வந்து அரசவைத் தமிழ் பேசியபோது, இளமையில் பயின்ற மேடைத் தமிழ் தேயாதிருந்தமையும் தெரிந்தது. 2002இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர், 2015 அக்டோபர் 10ஆம் நாள் சென்னையில் காலமானார்.

வகுப்பறைக்கு இதனால் ஆவது என்ன?

நடிகை ஒருவரின் குரலைத் தமிழாசிரியர் ஆராய்வதேன் எனச் சிலர் வினவக்கூடும். விடையைச் சைனாடவுன் வாழ்விலிருந்தே பெறலாம். ரெடிஃபியூஷன் வானொலியில் லீ தாய் சோர் என்னும் கதைசொல்லி கான்டனிய மொழியில் கூறிய கதைகளைக் கேட்கக் காப்பிக்கடைகளில் மக்கள் திரண்டிருந்தனர். 1979இல் மாண்டரின் பேசும் இயக்கம் தொடங்கிற்று; 1982இல் வானொலியில் கிளைமொழி நிகழ்ச்சிகள் முடிவுற்றன. அக்கொள்கையின் நன்மை தீமை இங்கு ஆராய்ச்சிக்குரியதன்று. கேட்கப்படாத பேச்சு ஒரு தலைமுறைக்குள் பேரக்குழந்தைகளுக்கு அயன்மொழியாகிவிடும் என்பதே இங்குக் கொள்ளத்தக்க செய்தி.

தமிழுக்கு அத்தகைய தடை எதுவும் நேரவில்லை. ஆயினும் நகைப்பும் ஒரு தடையாகக் கூடும். வீட்டில் பாட்டியிடம் கேட்ட தஞ்சைத் தமிழையோ, தென்பாண்டித் தமிழையோ ஒரு சிறுவன் வகுப்பில் பேசும்போது உடன் பயில்வோர் சிரித்தால், அவன் தமிழைத் திருத்திக்கொள்வதில்லை. தமிழையே விட்டு ஆங்கிலத்திற்கு மாறிவிடுகின்றான். சிங்கப்பூரில் 2005இல் தமிழ்ப் பாடத்திட்டத்தை மீளாய்வு செய்த குழு, பேச்சுத் தமிழுக்கு வகுப்பறையில் உரிய இடம் வேண்டுமெனப் பரிந்துரைத்தது. வகுப்பறைக்கு உரியது அனைவர்க்கும் பொதுவான திருந்திய பேச்சுத் தமிழே என்பதில் ஐயமில்லை. ஆனால் திருத்தம் வேறு, எள்ளல் வேறு. செய்யுளுக்குரிய சொற்களை வகுத்த தொல்காப்பியர் இயற்சொல், திரிசொல், வடசொல் ஆகியவற்றோடு திசைச்சொல்லையும் சேர்த்தே எண்ணினார் என்பதை மறத்தல் ஆகாது.

ஆசிரியர்கள் மனோரமாவின் 1968ஆம் ஆண்டுக் குரலையும் 1986ஆம் ஆண்டுக் குரலையும் மாணவர்க்கு ஒருங்கே கேட்பித்து, ஒவ்வோரிடத்தும் எதனைக் கண்டு நகைத்தோம் என்று வினவலாம். பேசுபவளின் மொழிக்காகச் சிரித்தோமா, அவள் அறிவுக்காகச் சிரித்தோமா என்று பிரித்தறியக் கற்ற மாணவன், தன் பக்கத்து இருக்கையில் அமர்ந்திருப்பவனின் பேச்சை இகழ மாட்டான். நகைச்சுவையைச் சுவைக்கவும் தமிழின் பல குரல்களை மதிக்கவும் ஒரே பாடத்தில் பயிற்றுதல் இவ்வாறு இயலும்.