இவான் வுகோமனோவிச்: கோப்பை இல்லாத ஆசான்

ஒரு கோப்பைகூட வாங்கித் தராத பயிற்சியாளரை ஒரு மாநிலத்து ரசிகர் கூட்டமே ‘ஆஷான்’ என்று கூப்பிட்டது. நம்ம ‘ஆசான்’தான் அது. செர்பியாக்காரரான இவான் வுகோமனோவிச், 2021 முதல் 2024 வரை கேரளா பிளாஸ்டர்ஸ் அணியை நடத்தியவர். தூத்துக்குடியில் உட்கார்ந்துகொண்டு இதை ஏன் எழுதணும்னு கேட்டால், எங்களுக்குச் சென்னையைவிடக் கொச்சிதான் பக்கம். அந்த மஞ்சள் சட்டை இங்கே அந்நியம் இல்லை. ஆசான் என்ற பட்டம் அவருக்குத் தகுமா என்பதுதான் என் கேள்வி.

1977-இல் உஷித்சே நகரில் பிறந்தவர். தற்காப்பு ஆட்டக்காரராக செர்பியா, பிரான்ஸ், ரஷ்யா, பெல்ஜியம் என்று சுற்றியவர். பயிற்சியாளரான பிறகும் அதே அலைச்சல்தான். பெல்ஜியத்தில் ஸ்டாண்டர்ட் லியேஜ், பிறகு ஸ்லோவன் பிராட்டிஸ்லாவா. அங்கே 2017-இல் ஸ்லோவாக்கியக் கோப்பையை வென்றார்.

கேரளாவுக்கு அவர் வந்தபோது அணி, முந்தைய பருவத்தில் 11 அணிகளில் 10-ஆவதாக முடித்திருந்தது. முதல் ஆட்டத்திலேயே 4-2 என்று தோல்வி. அதன்பின் தொடர்ந்து 10 ஆட்டங்கள் தோற்கவில்லை. 2022 மார்ச்சில் ஹைதராபாத்துக்கு எதிரான இறுதிப்போட்டியில் பெனால்டியில்தான் தோற்றார்கள். சஹல், ஜீக்சன், கோல்கீப்பர் கில் மாதிரி இளம் பையன்களை நம்பி இறக்கினார். அடுத்த இரண்டு பருவங்களிலும் அணி பிளேஆஃப் சுற்றுக்குப் போனது. வருஷத்துக்கு ஒரு பயிற்சியாளர் என்று மாறிக்கொண்டிருந்த கிளப்பில் மூன்று பருவம் நின்றதே பெரிய விஷயம்.

ஆனால் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது 2023 மார்ச் 3, பெங்களூரு கண்டீரவா மைதானம். கூடுதல் நேரத்தில் ஃப்ரீகிக். கில் ஆட்களை வரிசையாக நிறுத்திக்கொண்டிருக்கும்போதே சுனில் சேத்ரி பந்தை வலைக்குள் தட்டிவிட்டார். நடுவர் கோல் கொடுத்தார். வுகோமனோவிச் அணியையே வெளியே கூப்பிட்டுக்கொண்டார்.

விதி என்ன சொல்கிறது? ஃப்ரீகிக்கை விசிலுக்குக் காத்திராமல் உடனே அடிக்கலாம். நடுவர் குறுக்கிட்டு எதிரணியைத் தள்ளி நிறுத்தத் தொடங்கிவிட்டால் விசில் வேண்டும். நடுவர் ஏற்கெனவே குறுக்கிட்டுவிட்டார் என்பது கேரளாவின் வாதம். அதில் நியாயம் இருக்கலாம். அதை ஆட்டம் முடிந்த பிறகும் வாதாடலாம். ஆனால் அப்போது மீதி இருந்தது 20 நிமிடத்துக்கு மேல். குறை ஒரே ஒரு கோல்.

எங்க ஊரில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் படகில் ஒருவர் கயிறு பிடித்திருப்பார். கீழே போனவர் கயிறை அசைத்தால்தான் மேலே இழுப்பார். மேலே இருக்கிறவருக்குக் கோபம் வந்தது என்று இழுத்தால், குளித்தவர் சிப்பி இல்லாமல் வெறுங்கையோடு வருவார். அன்றைக்கு நடந்தது அதுதான். மைதானத்தில் இருந்த 11 பேருக்கு இன்னும் மூச்சு இருந்தது.

விலையையும் பார்க்கணும். கிளப்புக்கு 4 கோடி ரூபாய் அபராதம். அவருக்கு 5 லட்சமும் 10 ஆட்டத் தடையும். சூப்பர் கோப்பை, டியூரண்ட் கோப்பை, அடுத்த ஐ.எஸ்.எல். பருவத்தின் முதல் 4 ஆட்டங்கள் எல்லாம் அவர் இல்லாமல் நடந்தன. அக்டோபர் 27 அன்று ஒடிசாவுக்கு எதிராகக் கொச்சியில் திரும்பி வந்தபோது அணி 2-1 என்று ஜெயித்தது. டிசம்பர் முடிவில் பட்டியலில் முதலிடம். பிறகு கேப்டன் லூனா காயத்தால் இல்லாத அணி சரிந்து ஐந்தாவதாக முடிந்தது. பிளேஆஃபில் ஒடிசாவிடமே தோற்றது. 2024 ஏப்ரலில் பிரிந்தார்கள்.

வெளியேறியதைத் தன்மானம் என்று கொண்டாடுகிறவர்கள் உண்டு. நமக்காக ஒருத்தன் சண்டை போட்டான் என்ற உணர்வு ரசிகனுக்குப் பெரிசு. அதை நான் இளக்காரமாகச் சொல்லவில்லை. ஆனால் ஆசான் என்றால் கற்றுக்கொடுக்கிறவர். அநியாயம் என்று தோன்றும்போதும் மிச்ச நேரத்தை ஆடி முடிப்பது கற்றுக்கொடுக்க வேண்டிய பாடம். சஹலுக்கும் கில்லுக்கும் நம்பிக்கை கொடுத்த விஷயத்தில் அவர் ஆசானேதான். அந்த ஒரு ராத்திரி அவர் ரசிகர்களில் ஒருவராக இருந்தார். ரசிகர்கள் அவரை நேசித்ததற்கும் கோப்பை கிடைக்காமல் போனதற்கும் காரணம் ஒரே குணம்தான் என்று எனக்குப் படுகிறது.