சுவரோவியமும் பிரதானியின் உடையும்

மத்தியகாலப் பிரதானிகளின் உடையைச் சமகால ஓவியங்கொண்டு மீட்டமைக்கும் முயற்சி, ஈழத்தைப் பொறுத்தவரை, ஆனந்த குமாரசுவாமியின் ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ (1908) என்னும் நூலால் வலுப்பெற்றது. நூலின் பெரும்பகுதி 18ஆம் நூற்றாண்டுக் கண்டி இராச்சியத்தையே பேசுகின்றது. நிலமானிய உறவுகள் அதுவரை நிலைத்தமையால் ‘மத்தியகாலம்’ என்ற வழக்கு ஏற்கத்தக்கதே.

விகாரைச் சுவரோவியங்களே இதற்கு முதன்மைச் சான்று. கீர்த்தி சிறீ இராஜசிங்கன் (1747–1782) காலத்துத் தெகல்தொறுவ ஓவியங்களில் ஜாதகக் கதைமாந்தர் கண்டிப் பிரதானிகளின் கோலத்தில் நிற்கின்றனர். ஓவியன் புராதன இந்தியாவைக் கண்டவனல்லன். தன் காலத்து அதிகாரிகளையே கண்டவன். ஆயினும், நிழல் காட்டாத அத்தட்டையான வரைமுறை துணியின் எடையையோ, அது இடையில் எத்தனை சுற்றுச் சுற்றப்பட்டது என்பதையோ உணர்த்தாது. றொபேட் நொக்ஸின் நூலிலுள்ள (1681) படங்கள் இலண்டன் பதிப்புக்கெனச் செதுக்கப்பட்டவை. அவற்றினும் அவரது எழுத்தே பயன்மிக்கது. 1660 முதல் 19 ஆண்டுகள் கண்டியில் சிறையிருந்த அவர், வெள்ளைத் துணிமேல் உடுத்த நீலத் துணி, இடைக்கச்சை, வெள்ளி பதித்த பிடியுடைய கத்தி, பின்னே வெற்றிலைப் பை ஏந்திவரும் சிறுவன் என யாவற்றையும் குறித்துள்ளார். மேற்சட்டையும் கணுக்காலை நோக்கி நீளும் துணியும் உயர்குலத்தின் அடையாளங்கள். தாழ்ந்தோர் வெற்று முதுகினர். அளவுகோலாயிருந்தது அழகன்று, அதிகாரமே.

குமாரசுவாமி தடுமாறும் இடமும் இதுவே. முரட்டுத் துணி நெய்தோர் பெரவா சாதியினர் என்பதையும், நுண்ணிய நெசவு தென்னிந்தியாவிலிருந்து வந்த நெசவாளரின் கைத்திறன் என்பதையும் அவரே பதிவுசெய்கின்றார். ஆனால், அத்தரவுகளிலிருந்து அவர் கண்டெடுப்பது மனநிறைவுற்ற கைவினைஞனை! வில்லியம் மொறிஸின் அச்சியந்திரத்திலேயே நூலை அச்சிட்ட அவர், மொறிஸின் அழகியலை ஏற்றுச் சோசலிசத்தை விட்டுவிட்டார் எனலாம்.

ஊவாவின் திசாவையாயிருந்து, கிளர்ச்சியிற் சேர்ந்த கெப்பெட்டிபொல 1818 நவம்பர் 26இல் சிரச்சேதம் செய்யப்பட்டார். அதற்குமுன் அவர் தம் இடுப்புத் துணியைத் தலதா மாளிகைக்குக் காணிக்கையாக்கி, அது கந்தலாயினும் புண்ணியம் குறையாதென்றதாக ஹென்றி மார்ஷல் (1846) எழுதுகின்றார். இன்றைய பெரஹராவிலும் வாடகைத் திருமணக் கோலத்திலும் பருத்துத் தோன்றும் ‘துப்பொட்டி’ என்னும் இடையாடையில் அக்கந்தலுக்கு இடமில்லை.

அதே ஊவாவில், நமுனுகுல மலைச்சாரல் உட்படப் பின்னர் எழுந்த தோட்டங்களுக்கு வந்த தமிழ்த் தொழிலாளரை எந்த விகாரைச் சுவரும் தீட்டவில்லை. தோட்டத்துரைமார் அவர்களுக்கு வழங்கிய கம்பளியின் விலை, சம்பளத்திற் கழிக்கப்படும் கடனாகக் கணக்கேட்டில் ஏறிற்று. பதுளைப் பகுதியின் உடை வரலாற்றை எழுதப் புகுவோர் தெகல்தொறுவச் சுவரோடு அக்கணக்கேடுகளையும் புரட்டல் வேண்டும்.