வேண்டாம் என்று சொல்லும் உரிமை

2024 ஆகஸ்டில் ஆஸ்திரேலியாவின் சிஎஃப்எம்இயு தொழிற்சங்கத்தின் கட்டடப் பிரிவை அல்பனீசி அரசு சட்டம் போட்டு நிர்வாகி ஒருவர் கையில் ஒப்படைத்தது. சங்கத்துக்குள் குற்றக் கும்பல்கள் புகுந்துவிட்டன என்பது சொல்லப்பட்ட காரணம். பொறுப்பாளர்கள் கூண்டோடு நீக்கப்பட்டார்கள். 2025 ஜூனில் நாட்டின் உச்ச நீதிமன்றமான ஹைகோர்ட்டும் அந்தச் சட்டம் செல்லும் என்றது. அது முதல் சிட்னியில் இடதுசாரி நண்பர்கள் நாலு பேர் கூடினால் எழுபதுகளில் அங்கே கட்டடத் தொழிலாளர் சங்கத்தை நடத்திய ஜாக் மண்டேயின் பெயர் வராமல் பேச்சு முடிவதில்லை. மூன்றாண்டுக்கு ஒருமுறை வரிசையில் நின்று, வாசலில் விற்கும் சாசேஜைத் தின்றுவிட்டு வாக்களிப்பதோடு ஜனநாயகம் தீர்ந்துவிடுமா? காட்டையும் பழைய குடியிருப்பையும் அழிக்கும் கட்டட வேலையைச் செய்ய மாட்டோம் என்று அந்தச் சங்கம் 1971 முதல் 1974 வரை சிட்னியில் போட்ட பசுமைத் தடைகள்தான் சோசலிச ஜனநாயகத்தின் மெய்யான மாதிரி என்பது அவர்கள் வாதம். வாக்குச் சாவடியோடு விஷயம் முடியாது என்பதில் எனக்கும் ஐயமில்லை. மாதிரியோடுதான் என் வழக்கு.

நல்லதை முதலில் சொல்லிவிடலாம். கலவை சுமந்து, மண் வெட்டி, சாரம் கட்டிய சுமார் 11,000 பேரின் சங்கம் மண்டேயுடையது. பொறுப்பாளர்களுக்குத் தொழிலாளியின் கூலிதான் சம்பளம். வேலைநிறுத்தக் காலத்தில் அதுவும் கிடையாது. ஆறாண்டுக்கு மேல் எவரும் பதவியில் இருக்க முடியாது. மண்டே 1973-இல் அப்படித்தான் இறங்கினார். குடியேறிகளுக்காகக் கூட்டங்களில் மொழிபெயர்ப்பு இருந்தது. பாரிஸ் கம்யூனில் மார்க்ஸ் எதையெல்லாம் மெச்சினாரோ, அதில் பாதியைச் சிட்னியில் நடத்திக் காட்டினார்கள். நம் ஊர்த் தொழிற்சங்கங்களின் நிரந்தரத் தலைவர்களை அறிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

ஆனால் கொண்டாடப்படுவது இந்த உள்கட்டமைப்பு இல்லையே! கொண்டாடப்படுவது தடை. சிட்னியின் ஹண்டர்ஸ் ஹில்லில் கெல்லிஸ் புஷ் என்ற சிறு காட்டைக் காக்க 13 பெண்கள் சங்கத்தை நாடினார்கள். பகுதி மக்கள் கூடிக் கேட்டால் செய்கிறோம் என்றது சங்கம். சுமார் 600 பேர் கூடிக் கேட்டார்கள். சங்கத்தில் இல்லாத ஆட்களை வைத்துக் கட்டுவோம் என்று அங்கே கட்ட இருந்த ஜென்னிங்ஸ் நிறுவனம் மிரட்டியபோது, அதே நிறுவனத்தின் இன்னொரு கட்டடத்தில் வேலை செய்தவர்கள், இது அரைகுறையாகவே நிற்கும் என்று பதில் அனுப்பினார்கள். படிக்கும்போது உடம்பு சிலிர்க்கிறது. சிலிர்ப்பில்தான் நம் ஆட்கள் கோட்டை விடுகிறார்கள்.

மெல்பர்னைப் பாருங்கள். மண்டேயின் சங்கம் எந்தக் கூட்டமைப்பின் சிட்னிக் கிளையோ, அதன் தேசியச் செயலாளர் நார்ம் கல்லகரும் தடை போட்டவர்தான். கார்ல்டனில் ரயில்வே நிலத்தைப் பூங்காவாக்கும் போராட்டத்தில் 1971-இல் சிறை சென்றார். ரீஜென்ட் தியேட்டர் இடிபடாமல் தப்பியதில் அவர் சங்கத்தின் தடைக்குப் பங்குண்டு. ஆனால் அவருடைய சங்கத்தில் பதவிக்கு வரம்பும் இல்லை, மறுபேச்சுக்கு இடமும் இல்லை. 1974 அக்டோபரில் அவர்தான் சிட்னிக் கிளையைக் கைப்பற்ற வந்தார். முதலாளிகள் அவருடைய சங்க அட்டை வைத்திருந்தவர்களுக்கே வேலை தந்தார்கள். மறு ஆண்டே மண்டேயும் தோழர்களும் வெளியேற்றப்பட்டார்கள். ஆக, தடை போடுவதற்கு ஜனநாயகம் தேவையே இல்லை. கட்டுமானம் கொழித்து, ஆள் கிடைக்காத காலமாக இருந்தால் போதும். கடற்கரை வீட்டுக்காகக் கட்டட நிறுவனங்களிடம் ஓசியில் பொருள் பெற்ற வழக்கில் பின்னாளில் சிறை சென்ற கல்லகரும் அதைச் செய்ய முடியும். சிஎஃப்எம்இயு-வுக்கு மண்டேயின் சட்டையை மாட்டிவிடுகிறவர்கள், அந்தச் சங்கம் இந்த இருவரில் யாருடைய பிள்ளை என்று ஒரு கணம் யோசிக்கலாம்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. தடை ஒன்றை நிறுத்தும்; எதையும் கட்டாது. சிட்னியின் தி ராக்ஸ் பகுதியில் குடியிருந்தவர்கள் 1973-இல் தாங்களே ஒரு மக்கள் திட்டம் வரைந்தார்கள். அதை நிறைவேற்றும் அதிகாரம் அவர்களிடமும் இல்லை, சங்கத்திடமும் இல்லை. சிட்னியின் இன்னொரு பகுதியான வுலுமூலூவில் எளியவர்களுக்கு வீடு வந்ததென்றால், 1975-இல் மத்திய அரசும் மாநில அரசும் மாநகராட்சியும் கையெழுத்திட்டதால்தான். நாம் ஏளனம் செய்கிற தேர்தல்தான் பிரதமர் விட்லமையும் அவருடைய அமைச்சர் டாம் யூரனையும் ஆட்சிக்குக் கொண்டுவந்தது. தடை இல்லாமல் அந்த ஒப்பந்தம் பிறந்திராது என்பார்கள். இருக்கட்டும். ஆனால் பிறந்ததை யார் காப்பது?

தி ராக்ஸ், அதை அடுத்த மில்லர்ஸ் பாயின்ட் நிலத்தை 1900-இல் பிளேக் பரவியபோது அரசு எடுத்துக்கொண்டது. தடைகள் எத்தனை வந்தபோதும் சொந்தக்காரர் மாறவில்லை. போராட்டத்தின் பலனாக, இடம்பெயர வேண்டியிருந்த பழைய குடிகளுக்காக எழுந்த 79 வீடுகள் கொண்ட சிரியஸ் கட்டடம் 1980-இல் முடிந்தது. 2014-இல் அதையும் சேர்த்து 293 பொது வீடுகளை விற்கப்போவதாக மாநில அரசு அறிவித்தது. 2019-இல் சிரியஸ் 15 கோடி டாலருக்குக் கைமாறியது. கட்டடம் இடிபடவில்லை, பணக்காரர்களின் அடுக்குமாடியாகிவிட்டது. அங்கே வாழ்ந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கிளம்பினார்கள். 1977-இன் பாரம்பரியச் சட்டமும் 1979-இன் திட்டமிடல் சட்டமும் பசுமைத் தடைகளின் வாரிசுகள் என்று பெருமையாகச் சொல்வதுண்டு. அவை கல்லுக்காகவும் மரத்துக்காகவும் பேசின, வாடகைக்காரருக்காகப் பேசவில்லை. மண்டேயே 1995-இல் மாநில வரலாற்று இல்லங்கள் அறக்கட்டளையின் தலைவரானார். சோசலிசம் பழைய வீடுகளுக்குக் காவல் நின்ற கதை இது என்று நான் சொன்னால் நண்பர்கள் கோபிக்கிறார்கள். சிரியஸைக் காக்கவும் கடைசிவரை குரல் கொடுத்தாரே என்கிறார்கள். கொடுத்தார். குரல்தான் இருந்தது.

இதே கேள்வி மெல்பர்னிலும் நிற்கிறது. 2023 செப்டம்பரில் விக்டோரியா அரசு, மெல்பர்னின் 44 பொது வீட்டுக் கோபுரங்களையும் 2051-க்குள் இடித்துக் கட்டப்போவதாக அறிவித்தது. முந்தைய ஆண்டுதான் பெரும்பான்மையோடு வென்ற லேபர் அரசு. அப்போது அங்கே வாழ்ந்த சுமார் 10,000 பேரைக் கலந்து எடுத்த முடிவல்ல. நாளைக்கு ஒரு சங்கம் அங்கே தடை போட்டால் நானும் மறியலில் நிற்பேன். நிற்கும்போதே, இடிப்பு நின்ற பிறகு அந்த நிலத்தின் பத்திரம் யார் பெயரில் இருக்கும், அடுத்து எதைக் கட்டுவது என்று முடிவெடுக்கும் கூட்டத்தில் யாருக்கு வாக்கு என்று பக்கத்தில் நிற்பவரைக் கேட்டுக்கொண்டே இருப்பேன்.