வழக்கம் வீசிய வலை

கிரீன்லாந்துக் கடலிலே, பனிப்பாறைகளுக்கிடையே உயிரைப் பணயம் வைத்துத் திமிங்கில வேட்டையாடித் திரும்பும் மாலுமி, ஊர்க்கரை கண்ணில் பட்டதும் உள்ளம் பூரிக்கிறான். கரையிலே அவனுக்காகக் காத்திருப்பது யார்? மனைவியா? மழலையா? அவர்களையும் முந்திக்கொண்டு நிற்கிறது, மன்னரின் கடற்படைக்கு ஆள்பிடிக்கும் கும்பல்!

இந்தக் கொடுமையைக் கருவாகக் கொண்டு ஆங்கில நாட்டு எலிசபெத் காஸ்கெல் அம்மையார் 1863-இல் வெளியிட்ட நவீனம் 'சில்வியாவின் காதலர்கள்'. பெயரைக் கண்டு, வெறும் காதற்கதை என்று ஒதுக்கிவிடக் கூடாது. கதை நிகழ்வது 1790-களில், பிரெஞ்சுப் போர்க்காலத்தில். மாங்க்ஸ்ஹேவன் என்று அதில் வரும் ஊர், விட்பி துறைமுகமே. அங்கே 1793-இல் மக்கள் ஆள்பிடி கும்பலின் இருப்பிடத்தைத் தாக்கினர். அதற்காக வில்லியம் ஆட்கின்சன் என்பவர் யார்க் நகரில் தூக்கிலிடப்பட்டார். கதையிலே அந்தக் கயிறு, சில்வியாவின் தந்தை ராப்சனின் கழுத்தில் விழுகிறது. இளமையில் கடற்படைக்குத் தப்பத் தன் விரலையே வெட்டிக்கொண்டவர் அவர்! தீப்பிடித்ததாக மணியடித்து, உதவிக்கு ஓடிவந்தவர்களையே கும்பல் பிடித்தபோது, அந்த முதியவர் பொங்கி எழுந்தார்.

திமிங்கிலக் கப்பல்களின் ஈட்டிவீரர்களைப் பிடிக்கலாகாது என்று பாராளுமன்றச் சட்டமே விலக்களித்திருந்தது. சில்வியாவின் காதலன் கின்ரெய்ட் அத்தகைய வீரன். விலக்குச் சீட்டை எடுத்து நீட்டுகிறான், பயனில்லை, கட்டி இழுத்துச் செல்கின்றனர். சட்டம் தந்த சீட்டு, சட்டத்தின் ஆட்களுக்கே வெற்றுக் காகிதம்!

ஆள்பிடிக்கும் உரிமைக்கு ஆதாரம் எது? 1743-இல் பிரிஸ்டல் நகர நீதிமன்றத்தில் மைக்கேல் பாஸ்டர் விளக்கினார்: நாட்டின் பாதுகாப்புக்குத் தேவை என்றார், அதற்கு வேராக, நினைவுக்கெட்டாத காலந்தொட்டு வரும் வழக்கத்தைக் காட்டினார். அறிவுக்குப் பொருந்துமா, அறத்துக்கு அடுக்குமா என்று கேட்டால், முன்னோர் செய்தனர் என்பது விடை! இந்த விடையைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்த நமக்கு, அதன் குரல் புதிதன்று.

அம்மையார் பாதிரியாரின் மனைவி. எனினும் பாதிரியின் தடுமாற்றத்தை மறைக்கவில்லை. கும்பலை எதிர்த்து மாண்ட டார்லியின் தந்தை, ஊர்ப் பாதிரியிடம் ஆறுதலும் விளக்கமும் வேண்டுகிறார். பாதிரி நல்லவர், மனம் இரங்குகிறார். ஆனால் மன்னரிடம் பற்றுடையவர். ஆகவே, சாவு எல்லோர்க்கும் உண்டு என்ற பழைய உபதேசத்தோடு முடித்துக்கொள்கிறார். சாவு பொது, கொலையுமா பொது?

இன்னொரு மௌனமும் உண்டு. கின்ரெய்ட் பிடிபட்டதை நேரில் கண்டவன், சில்வியாவை விரும்பும் பிலிப். அவளிடம் சொல்லுமாறு கின்ரெய்ட் விடுத்த செய்தியை விழுங்கிவிட்டு, காதலன் மாண்டான் என்று அவளை நம்பவிட்டு, மணந்தும் கொள்கிறான். பாதிரி வாய்மூடியது பற்றினால். பிலிப் வாய்மூடியது ஆசையினால். இருவர் மௌனமும் கொடுமைக்கே காவல். இந்த உண்மையைக் கதையாக்கிக் காட்டியதே நவீனத்தின் பெருமை.

குறை எங்கே? முடிவிலே! பிலிப் போர்க்களத்தில் கின்ரெய்டைக் காப்பாற்றுகிறான். ஊர் திரும்பி, கடலில் விழுந்த தன் குழந்தையையும் மீட்டு, மனைவியின் மன்னிப்பைப் பெற்றுச் சாகிறான். கின்ரெய்டோ, தன்னைக் கடத்திய கடற்படையிலேயே கேப்டனாகிறான்! ஒருவன் சொன்ன பொய்க்குக் கண்ணீரும் கழுவாயும் தேடிய நவீனம், ஓர் அரசு செய்த கடத்தலுக்குத் தீர்ப்புக் கேளாமலே முடிகிறது. ராப்சனைத் தூக்கிலிட்டவர்கள் எவரிடமும் மன்னிப்புக் கோரவில்லை. கோரவேண்டும் என்று நவீனமும் வற்புறுத்தவில்லை.

பிரெஞ்சுப் போர்கள் 1815-இல் முடிந்தபின், இந்த ஆள்பிடிப்பு நடைமுறையில் மறைந்தது. மறைந்துபோன கொடுமைக்காக அழுவது எளிது. நம் காலத்தில், வழக்கம் என்ற பெயரால் நிற்கும் கொடுமையைக் கண்டு வாய் திறப்பதே அரிது. இளைஞர்கள் இந்நூலைப் படிக்கட்டும். சில்வியாவுக்காகக் கண் கலங்கட்டும். ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டதும் கேட்கட்டும்: மன்னித்தது சரி, நீதி எங்கே?